மூன்று துண்டான புத்தகம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணே, பிசிக்ஸ்காரங்க, காமர்ஸ்காரங்க எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க. ஹிஸ்டரியில இருந்து ஒண்ணுகூட வரல. ஒரு வரலாற்றுக் கட்டுரை குடுங்கண்ணே." சோழர் கால ஏரிப் பாசனம் எழுதட்டுமா என்று கேட்டேன். எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம். தம்பி மரியாதைக்காரர், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன். இதுவும் வரலாறுதான். ஒரு நாவலின் வரலாறு. நம்ம ஹாஸ்டலில் கிழிபட்ட நாவல்.

1977-லிருந்து 80 வரை ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு மெஸ் வாசலில் ஆணியில் தொங்கிய நோட்டு ஞாபகம் இருக்கும். எண்பது பக்க நோட்டு, சணல் கட்டி மாட்டியிருக்கும். யார் என்ன புத்தகம் படித்தாலும் அதில் நாலு வரி எழுதி நூற்றுக்கு மார்க் போடவேண்டும் என்பது எழுதாத சட்டம். ஹெரால்ட் ராபின்ஸுக்குத் தாராளமாக 90 போட்டிருப்பார்கள். தி.ஜானகிராமனுக்கு ஒரு புண்ணியவான் 40 போட்டு, அதற்குக் கீழே பெரிய சண்டையே நடந்தது.

1978 தீபாவளி லீவுக்கு மெட்ராஸ் போனபோது, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஒரு இங்கிலீஷ் பேப்பர்பேக் வாங்கி வந்தேன். (1985-இல் அந்த மூர் மார்க்கெட்டே எரிந்துபோனது.) வாங்கக் காரணம் அட்டைப்படம்தான், ஒளிப்பானேன்? குதிரைமேல் ஒரு முரட்டு ஆள், கையில் ஆயுதம், சுற்றிலும் விழுகிற உடல்கள். ஃபிராங்க் ஃப்ரசெட்டா வரைந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. 'கோனான் தி கான்கரர்', ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதியது, லான்சர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1967-இல் போட்டது.

ஹாஸ்டலுக்கு வந்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பைண்டிங் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. நாங்கள் மூன்றாகக் கிழித்தோம். முதல் துண்டு பக்கத்து ரூம் பாளையங்கோட்டைக்காரனுக்கு. நடுத்துண்டு எனக்கு. கடைசித் துண்டு பதினேழாம் நம்பர் ரூமுக்கு. படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம்.

நடுத்துண்டை மட்டும் படித்துவிட்டு நான் நோட்டில் எழுதினேன்: "காட்டுமிராண்டி ஒருவன் கப்பலில் ஏறுகிறான், அடிக்கிறான், வெட்டுகிறான். வேறொன்றும் இல்லை. 35." மறுநாள் அதற்குக் கீழே பாளையங்கோட்டைக்காரன் கையெழுத்து: "தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் மார்க் போடாதே. இது தோத்துப்போன ராஜா கதைல."

அவனோடு சண்டை போட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். அப்பாவின் கடை முழுகிவிட்டது, தங்கைகள் மூன்று பேர். ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டி கட்டினான். முதல் துண்டும் அவன் பெட்டியோடு போய்விட்டது.

இனி அந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். ரிட்டயர் ஆனபிறகு உட்கார்ந்து தேடிப் படித்தது. இவ்வளவு சங்கதி இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

ஹோவர்ட் டெக்ஸாஸ்காரர், 1906-இல் பிறந்தவர். அப்பா ஊர் ஊராகப் போன கிராமத்து டாக்டர். 1919-இல் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் குடியேறினார்கள். அந்தப் பக்கத்தில் எண்ணெய் கிடைத்ததும் ஊர் தலைகீழானது. கூலிக்காரர்களும் சூதாடிகளும் தரகர்களும் வந்து குவிந்தார்கள். எண்ணெய் அடங்கியதும் அத்தனை பேரும் கிளம்பிப் போனார்கள். இளவட்டமாக இருந்த ஹோவர்ட் இதையெல்லாம் கிட்டத்திலிருந்து பார்த்தார். நாகரிகம் என்பது மேலே பூசிய சுண்ணாம்பு, ஒரு மழைக்குத் தாங்காது என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் விழுந்திருக்கவேண்டும். பேய்க்கதை மன்னர் எச்.பி. லவ்கிராஃப்டோடு 1930 முதல் ஆறு வருஷம் கடிதத்திலேயே இதைப் பற்றித் தர்க்கம் செய்தார். நாகரிகம்தான் பெரிசு என்று லவ்கிராஃப்ட், காட்டுமிராண்டித்தனம்தான் மனுஷனுடைய சுபாவம் என்று இவர். இருவரும் நேரில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

கோனான் முதலில் வந்தது 1932 டிசம்பரில், 'வியர்ட் டேல்ஸ்' என்ற மாத இதழில். சாணிப் பேப்பரில் அச்சான பத்திரிகை. மந்திரவாதி உண்டு, பூதம் உண்டு, ஆனால் நம்ம அம்புலிமாமா ராஜகுமாரன் கிடையாது. கூலிக்குச் சண்டை போடுகிறவன், திருடன், கடற்கொள்ளைக்காரன், கடைசியில் அக்விலோனியா என்ற நாட்டின் சிம்மாசனத்தைப் பறித்துக்கொண்டவன். அவனுக்கு ரத்தம் வரும், பசிக்கும், கள் குடித்தால் தலை சுற்றும். மாயக்கதையில் இப்படிப் புழுதியும் வியர்வையும் கலப்பது அப்போது அபூர்வம்.

அந்தப் பத்திரிகையில் வாசகர் கடிதப் பகுதி ஒன்று உண்டு. அதைப் படித்தபோது எனக்கு நம்ம மெஸ் நோட்டுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் எந்தக் கதை முதல் இடம் என்று வாசகர்கள் எழுதுவார்கள், ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். 1934 நவம்பர் இதழில் ஒரு பதினேழு வயசுப் பையன் கோனானை வாரு வாரென்று வாரியிருந்தான். அலுத்துவிட்டது, போதும், இவனை எங்கேயாவது அனுப்பித் தொலையுங்கள் என்ற தோரணையில். கோனான் ரசிகர்கள் விடுவார்களா? அந்தப் பையன்மேல் பாய்ந்தார்கள். பையன் பெயர் ராபர்ட் பிளாக். 1959-இல் 'சைக்கோ' எழுதினாரே, ஹிட்ச்காக் படமாக எடுத்தாரே, அதே பிளாக்.

ஆக, எனக்கு முன்னாலேயே 35 மார்க் போட்ட ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். கொஞ்சம் நிம்மதிதான்.

இந்த நாவல் பிறந்த கதை வேடிக்கையானது, வேதனையானதும்கூட. 1933-இல் ஹோவர்ட் தன் சிறுகதைகளை ஒரு தொகுப்பாக லண்டனில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினார். 1934 ஜனவரியில் பதில் வந்தது. சிறுகதைத் தொகுப்பு இங்கே விலைபோகாது. அதே தினுசில் ஒரு நாவல் எழுதிக்கொடுத்தால், எங்களோடு சேர்ந்த இன்னொரு கம்பெனி வாடகை நூலகங்களுக்கு என்று 5,000 பிரதி போடும். வாடகை நூலகம் என்றால் நம்ம ஊர் லெண்டிங் லைப்ரரிதான். ஒரு பிரதி நூறு கைக்குப் போகும். ஹோவர்ட் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு எழுபதாயிரம் வார்த்தைக்கு மேல் எழுதி, மே மாதமே அனுப்பிவிட்டார். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அந்தக் கம்பெனி திவாலானது. கையெழுத்துப் பிரதி கடல் தாண்டித் திரும்பி வந்தது.

வேறு வழியில்லாமல் 'வியர்ட் டேல்ஸு'க்கே கொடுத்தார். 1935 டிசம்பர் முதல் 1936 ஏப்ரல் வரை ஐந்து மாதத் தொடராக வந்தது. அப்போது அதன் பெயர் 'தி அவர் ஆஃப் தி டிராகன்'. நான் மூர் மார்க்கெட்டில் வாங்கியதன் அட்டையில் இருந்த பெயர் பிற்காலத்தில் வேறொருவர் வைத்தது. அமெரிக்க வாசகர்களும் முதலில் இதைத் துண்டு துண்டாகத்தான் படித்தார்கள் என்பதை இங்கே பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன். என்ன, அவர்கள் வரிசையாகப் படித்தார்கள்.

அந்தப் பத்திரிகை காசு விஷயத்தில் இழுபறி. கதை அச்சான பிறகுதான் பணம், அதுவும் தவணையில். 1935 மே மாதம் ஹோவர்ட் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் படிக்கவே கஷ்டமாக இருக்கும். அம்மாவுக்குக் காசநோய், வைத்தியச் செலவு கழுத்தை நெரிக்கிறது, எனக்கு வரவேண்டிய 800 டாலருக்கு மேல் உங்களிடம் நிற்கிறது என்று கெஞ்சுகிறார். அமெரிக்காவில் பெருமந்தக் காலம் அது.

இப்போதுதான் வாசகர்கள் உள்ளே வருகிறார்கள். பி. ஷைலர் மில்லர், ஜான் டி. கிளார்க் என்று இரண்டு பேர். இருவரும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். வந்த கதைகளையெல்லாம் வரிசைப்படுத்தி, கோனானுக்கு எந்த வயசில் எது நடந்தது என்று ஒரு ஜாதகம் மாதிரி கணித்தார்கள். கதையில் வரும் நாடு நகரம் ஆறு மலையெல்லாம் வைத்து ஒரு வரைபடமும் போட்டார்கள். சம்பளம் கிடையாது, மார்க் கிடையாது. பிடித்த புத்தகத்தை இரண்டு பேர் சேர்ந்து படித்தால் அப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும். மில்லர் அதை ஹோவர்டுக்கே அனுப்பிவைத்தார்.

1936 மார்ச் 10 தேதியிட்டு ஹோவர்ட் பதில் எழுதினார். உங்கள் கணக்கு ஏறக்குறைய சரி, வரைபடம்கூட என்னுடையதோடு ஒத்துப்போகிறது என்று சந்தோஷப்பட்டு, சில திருத்தங்களும் சொன்னார். கதைகளை நான் உண்டாக்கியதாகவே தோன்றவில்லை, அந்த ஆள் வந்து சொன்னதை எழுதி வைத்தது மாதிரிதான் இருக்கிறது, அதனால்தான் வரிசையில்லாமல் முன்னே பின்னே வருகிறது என்று ஒரு விளக்கம். கோனானின் முடிவு என்ன என்ற கேள்விக்கு, தனக்கே சொல்லத் தெரியவில்லை என்றார்.

சரியாக மூன்று மாதம். ஜூன் 11 காலை, நினைவு தப்பிக் கிடந்த அம்மா இனிக் கண் விழிக்கமாட்டார் என்று நர்ஸ் சொல்லக் கேட்டவர், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முப்பது வயசு. அம்மா மறுநாள் போனார். தன் பெயரில் இந்த நாவல் புத்தகமாக வந்து அவர் பார்க்கவில்லை. அதே கடிதப் பகுதியில் ராபர்ட் பிளாக் மறுபடி எழுதினார். கோனானைப் பற்றி என் அபிப்பிராயம் எதுவானாலும், ஹோவர்ட் இந்தப் பத்திரிகையின் மிகச் சிறந்த எழுத்தாளர்களில் ஒருவர் என்பதாக. பத்தொன்பது வயசில் அப்படி எழுத ஒரு மனசு வேண்டும்.

மில்லரும் கிளார்க்கும் போட்ட அந்த ஜாதகம் 1938-இல் ரசிகர்களே வெளியிட்ட ஒரு சிறு பிரசுரத்தில் வந்தது. அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். இந்த ஜான் கிளார்க் இருக்கிறாரே, அவர் கலிபோர்னியாவில் கால்டெக் காலேஜில் படித்தபோது அவருடைய ரூம்மேட் எல். ஸ்பிராக் டி காம்ப். பழைய மாணவர் மலரில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? கிளார்க் பிற்காலத்தில் ராக்கெட் எரிபொருள் ஆராய்ச்சியில் பெரிய ஆள், அதைப் பற்றி 1972-இல் அவர் எழுதிய 'இக்னிஷன்' இன்றைக்கும் வாய்விட்டுச் சிரித்துப் படிக்கக்கூடிய புத்தகம். டி காம்ப் கதாசிரியர் ஆனார்.

1950-இல் நோம் பிரஸ் என்ற சின்னக் கம்பெனி, ரசிகர்களே நடத்தியது, நாவலை முதன்முதலாகப் புத்தகமாகப் போட்டது. அப்போதுதான் 'கோனான் தி கான்கரர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரதி ஒன்று ஃபிளெட்சர் பிராட் என்ற எழுத்தாளர் கைக்கு வந்தது. அவருக்குக் கோனானே ஆகாது. தனக்குப் பிடிக்காத அந்தப் புத்தகத்தைச் சிநேகிதர் டி காம்பிடம் கொடுத்துவிட்டார். டி காம்ப் படித்தார், விழுந்தார். 1951 கடைசியில் நியூயார்க்கில் ஒரு ஏஜென்ட் வீட்டில் ஹோவர்டின் காகிதங்கள் கிடப்பதைக் கேள்விப்பட்டுப் போய், அச்சேறாத மூன்று கோனான் கதைகளை எடுத்து வந்தார். பிற்பாடு லான்சர் வரிசையை ஒழுங்குபடுத்தியதும் அவர்தான். ஒரு மனுஷன் பிடிக்காமல் தள்ளிவிட்ட பிரதியில் ஆரம்பித்தது எனக்கு மூர் மார்க்கெட் நடைபாதையில் வந்து சேர்ந்திருக்கிறது.

டி காம்பைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசவேண்டும். அவர் எடுத்துக்கொடுத்ததோடு நிற்கவில்லை. கண்டெடுத்த கதைகளில் கை வைத்தார். ஒரு கதையை மாற்றி எழுதி, கோனான் ராஜாவாவதற்கு அதுவே முன்னுரை என்பதுபோல் ஆக்கினார். கோனானே இல்லாத ஹோவர்ட் கதைகள் சிலவற்றில் பெயரை மாற்றிக் கோனானைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். ஜாதகத்தில் இருந்த இடைவெளிகளைத் தாமே கதை எழுதி நிரப்பினார். இது அன்பா, ஆக்கிரமிப்பா? வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல வருஷம் சண்டை போட்டார்கள். கார்ல் எட்வர்ட் வாக்னர் என்பவர், அவரும் வாசகராக இருந்து எழுத்தாளரானவர், 1977-இல் பெர்க்லி கம்பெனிக்காகப் பத்திரிகையில் வந்த மூலத்தை அப்படியே பதிப்பித்தார். 'தி அவர் ஆஃப் தி டிராகன்' என்ற சொந்தப் பெயர் நாவலுக்குத் திரும்பக் கிடைத்தது.

என் கட்சி? மூலம்தான். ஆனால் டி காம்பைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கிழித்தவன் நான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மகள் வாங்கி அனுப்பிய நல்ல பதிப்பில் நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அடடா, பாளையங்கோட்டைக்காரன் சொன்னது சரி. ஆரம்பத்திலேயே எல்லாம் போய்விடுகிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய மந்திரவாதி ஒருவனைச் சதிகாரர்கள் ஒரு ரத்தினத்தின் பலத்தில் எழுப்புகிறார்கள். போருக்கு முந்தின நேரத்தில் கோனான் தன் கூடாரத்தில் கைகால் அசையாமல் விழுந்து கிடக்கிறான். வெளியே அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு இன்னொருவன் சாகிறான், அவன் படை மலை சரிந்து நசுங்குகிறது. நிலவறையிலிருந்து தப்பித்து நாட்டுக்குள் வந்தால், ஒரு பழைய சிநேகிதன் சோறு போட்டு உண்மையைச் சொல்கிறான்: நீ செத்துவிட்டாய் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள், உனக்கு வாரிசு கிடையாது, யாரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வந்தவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டார்கள். யார்மேலும் கோபப்பட முடியாத இடம் அது. ஜனங்களையும் குறை சொல்ல முடியாது.

ராஜாவாக இருக்கும்போது வரியைக் குறைத்தவன், தன் சொந்த நாட்டில் வேஷம் போட்டுக்கொண்டு ஒளிந்து நடக்கிறான். வேறொரு நாட்டைப் பிடிக்கலாமே என்று யோசனை சொல்கிறார்கள். வேண்டாம் என்கிறான். எனக்கு என்னுடையது போதும். அதற்கப்புறம்தான் அந்த ரத்தினத்தைத் தேடிக்கொண்டு துறைமுகம், கப்பல், தூர தேசம் எல்லாம். அந்த முன்கதை தெரியாமல்தான் நான் "அடிக்கிறான், வெட்டுகிறான்" என்று எழுதினேன்.

குறை இல்லாத புத்தகம் என்று சொல்லமாட்டேன். கறுப்பர்களை அந்தக் காலத்து அமெரிக்கன் எப்படிப் பார்த்தானோ அப்படியேதான் ஹோவர்டும் எழுதுகிறார், இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்கும். பெண்களுக்கு ஒன்று காப்பாற்றப்படுகிற வேலை, இல்லை மயக்குகிற வேலை. நிலவறைச் சாவியைக் கொண்டுவந்து கொடுக்கிற ஜெனோபியா மட்டும் கொஞ்சம் தேவலை. கடைசியில் தோற்ற அரசனை விடுவிக்கப் பணயமாகக் கோனான் பொன்னோ நிலமோ கேட்பதில்லை, அவளைத்தான் கேட்கிறான், ராணியாக்க. இதுவும் நல்ல பதிப்பில் படித்ததுதான், ஏனென்றால் பதினேழாம் நம்பர் ரூம்காரர் தன் துண்டை எனக்குத் தரவேயில்லை.

பாளையங்கோட்டைக்காரன் அந்த முதல் துண்டை எப்போது படித்திருப்பான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோட்டில் எழுதியது நவம்பர் கடைசி. அப்பா கடை விஷயம் ஊரிலிருந்து அவனுக்குக் கடிதமாக வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அவன் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து ரூமில் இருந்த நானும் கேட்கவில்லை. மார்க் குறைத்துப் போட்டதற்கு ஏன் அவனுக்கு அவ்வளவு கோபம் என்று அப்போது வியந்தேன், அவ்வளவுதான்.

கிராஸ் பிளெய்ன்ஸில் ஹோவர்ட் வாழ்ந்த வீடு இப்போது மியூசியம். வருஷா வருஷம் ஜூன் மாதம் வாசகர்கள் அங்கே கூடுகிறார்கள், மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று படித்தேன். நமக்கு இந்த ரீயூனியன் இருக்கிறது.

நடுத்துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. செல்லரித்த நாலு பக்கம் போக மீதி நன்றாகவே இருக்கிறது, கொண்டுவருகிறேன். பதினேழாம் நம்பர் ரூம்காரர் இதைப் படிப்பார், ஆயுள் சந்தா கட்டியவர். ஐயா, உங்கள் துண்டு பரணில் இருந்தால் எடுத்து வாருங்கள், பைண்டிங் செலவு என்னுடையது. மெஸ் நோட்டு யாரிடம் இருந்தாலும் அதுவும் வரட்டும், ஒரு மார்க்கைத் திருத்தவேண்டியிருக்கிறது.

1978 டிசம்பரில் ஊருக்குப் போன அந்தப் பாளையங்கோட்டைக்காரன் இப்போது எங்கே இருக்கிறான் என்று நம் செட்டில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். டிகிரி முடிக்காததால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. மலர்க் குழுவிடம் கேட்டிருக்கிறேன், ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லி.